மலையில் பார்த்த பழைய படம்

அமெரிக்காவில் 1956-ம் வருஷம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகை பல தேசத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரவழைத்து, துவேஷத்தைப் பற்றி வாதாட விட்டது. வெகு மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள், பாவம்! அந்த வருஷந்தான் அலபாமாவில் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து நடந்தார்கள். ஜூன் மாதம் இலங்கையில் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தது.

படத்தை நான் பார்த்தது ஏற்காட்டில். கூட இருந்த சேலத்து நண்பர், “வெள்ளைக்காரனுக்கு எத்தனை திமிர், பார்த்தீரா!” என்றார். அதே மூச்சில் வாசல் பக்கம் திரும்பி, “ஏய், காப்பி கொண்டாடா” என்று குரல் கொடுத்தார். கொண்டுவந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மலையாளி.

காப்பி இந்த மலைக்குப் புதிசு. சுமார் 1820-ல் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தார்; பின்னாலேயே துரைமார் தோட்டங்கள் வந்தன. துரைமாரின் நிறத் திமிரைப் பேசுவதில் நமக்கு அலுப்பே கிடையாது. அவர்களுக்கு முன்பே சேர்வராயன் மலையில் உழுது பயிரிட்டவர்கள் இந்த மலையாளிகள். பேசுவது தமிழ். மூதாதைகள் காஞ்சிபுரத்து அண்ணன் தம்பிகள் மூவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை: பெரியண்ணன் சேர்வராயனுக்கு வந்தான், நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனான், சின்னண்ணன் கொல்லிமலைக்கு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியைப் பழங்குடியினருக்கென்று ஒதுக்கியிருப்பதும் இவர்களை எண்ணித்தான்.

எனக்குத் தெரிந்த சேலத்துக்காரர்களில் பாதிப் பேர் இவர்களைக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.