அப்பாவின் டயரியில் ஐந்து படிகள்

நியூ லின்னில் எங்கள் வீட்டுக் கராஜைத் துப்புரவாக்கும்போது அப்பாவின் 1999ஆம் ஆண்டு டயரி அகப்பட்டது. ‘இணையத்தில் தமிழ் வாசிக்க’ என்று தலைப்பிட்டு ஐந்து படிகள் எழுதியிருந்தார்:

1. திஸ்கி எழுத்துருவைத் தரவிறக்கு.
2. கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அதை நிறுவு.
3. நெட்ஸ்கேப்பைத் திற.
4. எழுத்துரு அமைப்பில் ‘யூசர் டிஃபைன்ட்’ என்பதற்கு இந்த எழுத்துருவைக் கொடு.
5. பக்கத்தைத் திறந்து, ‘வியூ’ மெனுவிலும் ‘யூசர் டிஃபைன்ட்’டைத் தெரிவுசெய்.

ஒரு பக்கம் வாசிக்க இவ்வளவு பாடா?

அன்று கணினி ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான் ஒதுக்கியது. மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. மிச்ச இடங்களில் ஒவ்வொருவரும் தமிழைத் தம் விருப்பப்படி அடுக்கினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். எங்கள் ஆட்கள் அதிகம் பாவித்த பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் எழுதிய ‘அம்மா’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் முனைந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் ‘முரசு அஞ்சல்’ செய்த முத்து நெடுமாறன். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய பொதுக் குறியீடுதான் திஸ்கி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. அவற்றை வாசிக்கத்தான் அப்பா இந்தப் படிகளைப் பழகினாராம்.

யூனிக்கோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண வீட்டுக் கணினிகளை மெல்ல மெல்ல எட்டியது. ஐந்து படிகளும் தேவையற்றுப் போயின. நீங்கள் இதை எந்த அமைப்பையும் மாற்றாமல் வாசிப்பது அதனால்தான்.

டயரியோடு ஒரு சீடியும் இருந்தது. கொழும்பில் அப்பம்மா சொல்லச் சொல்ல, சித்தப்பா பாமினியில் தட்டி அனுப்பிய கடிதங்கள். திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றியில் ஒட்டினேன். “தம்பி, அங்க குளிரோ? சாப்பிட்டியோ?” என்று அப்பம்மா கேட்டிருந்தா. அவ இப்போது இல்லை. அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

உங்கள் வீட்டிலும் பழைய சீடிகள் இருக்கும். அவை பழுதாக முன்னம் எடுத்து யூனிக்கோடுக்கு மாற்றி வையுங்கள். கிறுக்கல் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.