பொக்ஸும் கலரியும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, நாட்டுப்புற மாளிகைகளில் வாழ்ந்த பிரபுக்களும் கனவான்களும் பாராளுமன்றம் கூடுங்காலத்தில் குடும்பத்தோடு இலண்டன் வந்து சேர்வர். அரசியல் பேசுவது மட்டும் அவர்கள் நோக்கமன்று. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதும், புதிய ஆடையைக் காட்டுவதும், ஊர் வம்பு அறிவதும் அப்பருவத்தின் அலுவல்களே. இவையனைத்தும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்ற இடம் நாடக அரங்கு.

1737ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், ட்ரூறி லேன், கொவென்ற் கார்டன் என்னும் இரு அரங்குகளே அப்பருவத்தில் வசன நாடகம் நடத்தும் உரிமை பெற்றிருந்தன. நாடகப் பிரதியை அரண்மனை அதிகாரி பார்வையிட்டு அனுமதிக்க வேண்டும். முதன் மந்திரி வோல்போலை மேடையிலே கேலி செய்தமை இச்சட்டத்திற்கு முக்கிய காரணம். எழுதுவோரை இவ்வாறு கட்டுப்படுத்திய அரசாங்கத்தால் சபையோரைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

'பொக்ஸ்' எனப்பட்ட தனி அடைப்புகளில் உயர்குலத்தோர் இருப்பர். கீழே 'பிற்' பகுதியில் சட்டத்தரணிகளும் எழுத்தாளரும் விமர்சகரும். மேலே கலரியில் சிறு வணிகரும் பணியாட்களும். நாடகம் நடக்கும்போதும் சபையில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டேயிருக்கும். ஆதலால் மேடையைப் பார்ப்பது பாதி, எதிர்ப் பொக்ஸைப் பார்ப்பது மீதி. மேடையிலேயே ஏறியமர்ந்த கனவான்களும் உண்டு. மாநடிகர் டேவிட் கரிக் 1747இல் ட்ரூறி லேனின் பொறுப்பை ஏற்றார். அவருக்கே இவர்களைக் கீழிறக்க 1760களின் தொடக்கம்வரை செல்லவேண்டியதாயிற்று.

இடம் பிடிப்பதற்குப் பிற்பகலிலேயே பணியாளை அனுப்புவார்கள். எசமான் வந்ததும் அவன் எழுந்து, மேற் கலரிக்குச் சென்று இலவசமாக நாடகம் பார்ப்பான். 1737இல் ட்ரூறி லேன் முகாமையாளர் இச்சலுகையை நிறுத்தினார். பணியாட்கள் கதவை உடைத்துப் புகுந்தனர். நீதவான் வந்து கலகச் சட்டத்தை வாசித்தார். சிலர் சிறை சென்றனர். எசமானுக்காகக் காத்திருந்த பொழுதுக்குக் கூலியாகவே அவர்கள் அந்தக் கலரியைக் கருதினர் போலும்.

மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோருக்கு அரைக்கட்டணம் என்பது மற்றொரு வழக்கம். 1763இல் அதனை நிறுத்த முயன்றபோது கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் பிற்ஸ்பற்றிக் என்ற கனவான். ஆசனங்கள் நொறுங்கின, விளக்குகள் உடைந்தன. இம்முறை அரங்குகள் பணிந்தன. ஒரே செயல் பணியாளிடம் திமிராகவும் கனவானிடம் உரிமையாகவும் கொள்ளப்பட்டது.

கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்ரூப்ஸ் ரு கொங்கர்' 1773இல் கொவென்ற் கார்டனில் மேடையேறியது. அதிலே மார்லோ என்னும் இளைஞன், சீமாட்டிகள் முன்னிலையில் நா எழாதவன், பணிப்பெண்களிடமோ வாயாடி. கனவான் வீட்டு மகளான கேற், பணிப்பெண்போல் நடித்தே அவன் மனத்தை வெல்கிறாள். பொக்ஸிலிருந்து கலரிவரை அனைவரும் ஒருவரையொருவர் கண்ட வெளிச்சத்தில் அந்நாடகம் நிகழ்ந்தது என்பதை மனத்திற்கொண்டு படித்தால், அதன் நகைச்சுவை எவரைத் தொட்டது என்பது புலப்படும்.