காசு கொடுத்து வாங்கிய இருட்டு

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டறையில் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒரு டிம்மர் பூட்டினோம். எலக்ட்ரீசியன் போனதும் அப்பா அதன் குமிழைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கேட்டா: "காசு குடுத்து இருட்டையோ வேண்டினனீங்கள்?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. உண்மையில் இந்தச் சின்னக் குமிழ் வீட்டுச் சுவருக்கு வந்து சேர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது?

நெருப்பு விளக்குக் காலத்தில் வெளிச்சத்தைக் குறைப்பது பெரிய வேலையே இல்லை. திரியை உள்ளே இழுத்தால் போதும். 19ஆம் நூற்றாண்டு நாடக அரங்குகளில் காஸ் விளக்குகள் எரிந்தன. ஒரே இடத்தில் நின்று வால்வைத் திருகி மேடை முழுவதையும் மங்கவைக்கலாம். ஆபத்தும் அதே அளவுக்கு இருந்தது. தீப்பிடித்து எரிந்த அரங்குகள் ஏராளம்.

1881 இல் லண்டனில் சவோய் அரங்கம் திறந்தது. முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் அதுதான். சுமார் 1,200 பல்புகள். அக்டோபரில் திறந்தபோது மின்சாரம் போதவில்லை, அதனால் மேடைக்கு டிசம்பர் கடைசியில்தான் மின்விளக்கு வந்தது. அன்று அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டோய்லி கார்ட் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மேடையிலேயே உடைத்துக் காட்டினார். பாருங்கள், தீப்பிடிக்கவில்லை என்று சொல்வதற்காக. (வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

ஆனால் மின்விளக்குக்குத் திரி இல்லையே, எப்படி மங்கவைப்பது? மின்சாரம் வரும் வழியில் ஒரு தடையை வைத்தார்கள். நீளமான கம்பிச் சுருள் ஒன்று. சில அரங்குகளில் உப்புத் தண்ணீர் நிரப்பிய சாடிக்குள் இரண்டு உலோகத் தகடுகளை இறக்கி வைத்திருப்பார்கள். தகடுகளை விலக்கினால் விளக்கு மங்கும், நெருக்கினால் பிரகாசிக்கும். இரண்டிலும் ஒரே பிரச்சினைதான். பல்புக்குப் போகாத சக்தியில் ஒரு பகுதி அந்தத் தடைக்குள்ளேயே வெப்பமாகிப் போகும். வெளிச்சம் குறைந்த அளவுக்குச் செலவு குறையாது. அம்மம்மா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரியாகவே பொருந்தும்: இருட்டுக்கும் காசு கட்டினார்கள். அதோடு அந்தச் சூட்டினால் மறுபடியும் தீ ஆபத்து வந்து சேர்ந்தது. கிரான்வில் வுட்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1896 இல் அரங்க விளக்குகளை இதைவிடப் பாதுகாப்பாகக் கட்டுப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் பெயர் எங்கள் எல்லாருக்கும் தெரியும். வுட்ஸின் பெயரை நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிச் சூடாகும் பெரிய பெட்டியை யார் வீட்டுச் சுவருக்குள் வைப்பார்கள்? அதனால்தான் பல்பு கண்டுபிடித்து ஏறக்குறைய 80 வருடங்களுக்குப் பிறகும் சாதாரண வீடுகளில் 'போடு, நிற்பாட்டு' என்ற இரண்டு நிலைதான் இருந்தது.

1959 இல் நியூயோர்க்கில் ஜோயல் ஸ்பைரா என்ற இளம் இயற்பியலாளர் தன் அப்பார்ட்மென்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டார். டயோடும் சிறிய மின்மாற்றியும் சேர்ந்த அவருடைய டிம்மர், சுவரில் ஏற்கெனவே இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சுவரை உடைக்கத் தேவையில்லை, பழையதைக் கழற்றிய இடத்திலேயே புதியதைப் பூட்டலாம். 1961 இல் அவரும் மனைவி ரூத்தும் லுட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வருடம் காப்புரிமையும் கிடைத்தது.

கொஞ்சக் காலத்தில் ட்ரையாக் என்ற சின்ன மின்னணுச் சாதனம் உள்ளே வந்தது. அது மின்சாரத்தை மறித்து நிற்பதில்லை, வெட்டி வெட்டி விடுகிறது. இங்கே கனடாவில் மின்னோட்டம் நொடிக்கு 60 தடவை முன்னும் பின்னும் அலைகிறது, அதாவது 120 அரை அலைகள். ஒவ்வொரு அரை அலையிலும் முதல் பகுதியை ட்ரையாக் நிறுத்திவிட்டு மிச்சத்தை மட்டும் விடும். எங்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை, மங்கலான வெளிச்சம்தான் தெரியும். தடைக்கம்பி போல வெப்பமாக வீணாக்க வேண்டியதில்லை.

எல்இடி பல்புக்கு மட்டும் இந்த வெட்டல் எப்போதும் ஒத்துவராது. அதற்குள் ஒரு குட்டி மின்சுற்று இருக்கிறது, அரைகுறை அலை வந்தால் அது குழம்பிவிடும். எங்கள் வீட்டிலும் முதல் நாள் இரவு விளக்கு டிஸ்கோ மாதிரித் துடித்தது. டிம்மருக்கு ஏற்ற பல்பு என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாங்கள் பார்க்கவில்லை, திரும்பக் கடைக்கு ஓடினோம்.

பல்பு மாற்றிய அன்று இரவுதான் அம்மம்மா தன் கதையைச் சொன்னா. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருடம் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பெரிய தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில்தான் அம்மா சோதனைக்குப் படித்தாவாம். அரிக்கன் லாம்பு கொளுத்தினால், அம்மா புத்தகத்தை மூடிய உடனே அம்மம்மா திரியைக் குறைத்துவிடுவாவாம். அம்மா எனக்கு இதை ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தா.

"இதைக் குறைச்சால் பில்லும் குறையுமோ?" என்று அம்மம்மா கேட்டா.

"ஓம், குறையும்" என்றார் அப்பா. எல்இடிக்கு அது சில சதங்கள்தான் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பினால் போதும், அம்மம்மா போய்க் குமிழைத் திருகிவிடுவா.