பேராதனைப் பூங்காவும் மூத்தம்மாவின் வேலியும்

கல்முனைக் கரையோர மணல் வளவுகளில் பூஞ்செடி வளர்ப்பது இலேசான காரியமன்று. மாரிமழை ஓய்ந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வாளி வாளியாக ஊற்றிய நீரும் நிலைப்பதில்லை. அக்காலத்திலும் வாடாது பூத்துநின்றது, என் மூத்தம்மாவின் வேலியோரத்து நாயுண்ணி ஒன்றுதான்.

அந்நினைவில் அண்மையில் நாயுண்ணித் தடியொன்றை முறித்துவந்து முன்வளவில் நட முனைந்தேன். விவசாயம் படித்த மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, இதையா நடப்போறீங்க?" என்றார். அக்கேள்வியின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நாயுண்ணி இம்மண்ணுக்குரியதன்று. மத்திய, தென் அமெரிக்க வெப்பப் பிரதேசங்களே அதன் தாயகம். லின்னேயஸ் 1753இல் அதற்கு 'லன்டானா கமாரா' எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் 'காட்டுச் சேஜ்' என்றும் அழைத்தனர். எனினும் சமையலுக்குதவும் சேஜ் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பூவின் அழகில் மயங்கிய ஐரோப்பியர் தம் தோட்டங்களில் புதிய கலப்பினங்களையும் உருவாக்கினர்.

பேராதனை அரச தாவரவியற் பூங்கா 1821இல் அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1826இல், அப்பூங்காவின் வழியாகவே நாயுண்ணி இலங்கைக்குள் அழகுச் செடியாக வந்தது. பழங்களைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடெங்கும் பரப்பின. இலையில் நஞ்சிருப்பதால் ஆடுமாடுகள் அதனை ஒதுக்கின. அறியாது மேய்ந்தவை நோயுற்றன. உடவளவை தேசிய பூங்காவில் யானைகள் மேயும் புல்வெளிகளையும் அது ஆக்கிரமித்துள்ளது. 1902இல் ஹவாய்த் தீவினர் இதனை ஒழிக்க மெக்சிக்கோவிலிருந்து பூச்சிகளையே வரவழைத்தனர். 2000ஆம் ஆண்டளவில் உலகின் மிகமோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது.

கவனியுங்கள்: வரட்சியைத் தாங்கும் எந்தக் குணத்துக்காக நாம் அதனை விரும்பினோமோ, அதே குணமே காடுகளுக்குக் கேடாயிற்று. குற்றம் செடியினுடையதன்று, அழகை மட்டும் பார்த்து, பின்விளைவைப் பாராது கொண்டுவந்த கைகளினுடையது. மூத்தம்மா இதனை அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்தபின்னும் நடுவதற்கு எனக்கு நியாயமில்லை.

அத்தடியை வெயிலில் நன்கு உலர்த்தி அடுப்பிலிட்டேன். அவ்விடத்தில் இப்போது ஆவரசு நிற்கிறது. நம் வரண்ட வலயத்துக்கே உரிய செடி. அதற்கும் அதிக நீர் வேண்டியதில்லை. பூவும் மஞ்சள்தான். ஆயினும் நாயுண்ணியைப் போல் நிறம் மாறாது என்பதில் பேரப்பிள்ளைகளுக்குச் சிறு மனக்குறை.