மட்டக்களப்பு வாவிக்கரைச் சுற்றுலா இடங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனையை நெருங்கும் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு மட்டக்களப்பு வாவி. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடலோடு கலக்கிறது. கடல் மணலைத் தள்ளி இவற்றை அடைக்கும். மாரி வெள்ளம் வந்து உடைக்கும். கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தைச் சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை என்பர். மேற்கே வயல்களாய் விரிவது படுவான்கரை. இப்பகுதியின் காணிடங்கள் பலவும் நீரைக் கடப்பதற்கோ காவல் காப்பதற்கோ எழுந்தவை.

முதற்சான்று வாவிக்குள் இருக்கும் புளியந்தீவின் கோட்டை. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்று அரசனைச் சந்தித்தான். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை எழுப்பினர். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் படை அதைப் பிடித்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற்கோட்டை இதுவே. சில நாட்களில் அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே இங்கேயே உடன்படிக்கையும் எழுதப்பட்டது. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது அரசனின் விருப்பப்படி என்ற வாசகம் ஒல்லாந்தப் படியில் இல்லாமல் போனது. அதுவே பின்னாளில் பெரும் பிணக்காயிற்று. ஒரு வாசகம் விடுபட்டதால் ஒரு நாட்டின் கதை திசைமாறிய இடம் என்று வாயிலில் யாரும் எழுதி வைக்கவில்லை. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாகி, நீண்ட காலம் அரச நிர்வாக அலுவலகமான கச்சேரியாக இயங்கியது.

வாவியின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது கோட்டையல்ல, ஓசை. நிலவுக் காலத்து அமைதியான இரவுகளில் கல்லடிப் பக்கம் தோணியில் போய், துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், தந்தியை மீட்டுவதுபோன்ற ஒலிகள் கேட்கும் என்பர். எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார். ஒலிக்குக் காரணமாக அவரிடம் மீனவர் சொன்னது மீனை அல்ல, ஊரி என்ற சங்கினத்தை. ஆனாலும் “மீன்பாடும் தேன்நாடு” என்ற பெயரே நிலைத்தது. 1950களில் இயேசுசபைக் குரு லாங் அடிகளார் நீரடி ஒலிவாங்கியால் ஓசையைப் பதிவு செய்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இதை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். “யாழ் நூல்” தந்த அவருடைய சமாதியும் இந்த நீருக்கு அருகே, கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது.

கல்லடியில் 1920களில் கட்டப்பட்ட இரும்புப்பாலம் ஆளுநரின் மனைவி மனிங் சீமாட்டியின் பெயரைத் தாங்கியது. பக்கத்திலேயே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலமீன்மடு முகத்துவாரத்தில் 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு நிற்கிறது.

படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் கல் நந்தி எழுந்து புல் தின்றதைக் கண்டு போர்த்துக்கேயத் தளபதி மிரண்டான் என்பது ஐதிகம். அங்கே செல்வோர் மண்முனையில் “பாதை” ஏறிக் கடந்தார்கள். ஆளையும் வண்டியையும் ஏற்றும் தட்டை மிதவைக்கு இவ்வூரில் பாதை என்றே பெயர். வெளியூரார் தெருவைத் தேடி ஏமாறுவதுண்டு. 2014இல் மண்முனைக்குப் பாலம் வந்தது. மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் போவது தனி மரபு. எழுவான்கரையில் அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பெருங்கூட்டம் சேர்க்கும்.

கடற்பக்கம் வரலாறு கடுமையானது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் இக்கரைக்கு அப்பால், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த சுழியோடிகள் மட்டுமே அதைக் காண்கிறார்கள். வடக்கே, ஆழமற்ற அமைதியான கடலுக்குப் பேர்போன பாசிக்குடாவில் போரின்போது சிதைந்த விடுதிகளின் இடத்தில் 2009க்குப் பின் புதியவை எழுந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிக்கொண்டு போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று விழவில்லை, சாய்ந்தது.