உதிரிப்பாகக் கணனியும் புத்தளக் கரையோரமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வடமேற்குக் கரையோரம் கடல்வழி வாணிகத்தோடு நெடுங்காலமாகவே பிணைந்து வந்துள்ளது. 1344ஆம் ஆண்டிலே இப்னு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' என்ற இடம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கு ஆரியச்சக்கரவர்த்தியிடம் முத்துக்களைக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். அன்று இக்கரையிலிருந்து முத்து வெளியே சென்றது. இன்றோ கற்பிட்டியிலும் உடப்பிலும் வாழும் இளைஞர்கள், பிறநாட்டுத் தொழிற்சாலைகளில் உருவான உதிரிப்பாகங்களைத் தேடி வாங்கி விளையாட்டுக் கணனி அமைக்க முனைகின்றனர். குறைந்த பணத்தோடு அவர்கள் செய்யும் தெரிவுகள் வெறும் விருப்பின்பாற்பட்டன அல்ல; அவை வரலாற்றின் விளைவுகள். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கணனி அமைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று? 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணனியைச் சந்தைக்கு விரைந்து கொணர வேண்டி, இன்டெல் 8088 செயலி உட்படப் பிறர் செய்த பாகங்களையே பெரிதும் பயன்படுத்திற்று. அதன் தொழினுட்ப விவரங்களையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே கொம்பாக் நிறுவனம் அதற்கிணையான கணனியை அறிவித்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, பெட்டி, தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியன ஒன்றோடொன்று பொருந்த வழிசெய்தது. இப்பொதுமையே வறியவனுக்குக் கிடைத்த பெருவாய்ப்பு. முழுக்கணனியை ஒரே நாளில் வாங்க இயலாதவன், பாகங்களைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். 2017இல் வந்த ஏ.எம்.4 தாய்ப்பலகைகள் பலவற்றிலே, நிலைபொருளைப் புதுப்பித்து, 2022இல் வெளிவந்த செயலியையும் பொருத்த முடிந்தமை இதற்கு நல்ல சான்று.

விளையாட்டுக் கணனியில் வரைவியல் அட்டைக்கே பெரும்பங்கு பணம் செல்லும். 1996இல் 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ, 1999இல் என்விடியாவின் ஜீபோர்ஸ் 256 என வளர்ந்த இத்துறை, 2020ஆம் ஆண்டின் பின் நெருக்கடியொன்றைச் சந்தித்தது. எண்ணியல் நாணயம் ஈட்டுவோர் அட்டைகளை மொத்தமாக வாங்கினர்; விலை பன்மடங்காயிற்று. 2022 செப்டெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் அவ்வட்டைகள் பழையபொருட் சந்தைக்கு வந்து குவிந்தன. மலிவு கருதி அவற்றை வாங்குவோன், இரவுபகலாய்ச் சுழன்று தேய்ந்த விசிறியையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அதே ஆண்டிலேதான் இலங்கை ரூபாவும் வீழ்ந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐயும் தாண்டிற்று. பாகங்களின் விலை டொலரிலே தீர்மானிக்கப்படுவது. ஆகவே, களப்பிலே வலை வீசி உழைக்கும் தந்தை சேர்த்த பணம், அட்டையின் உலக விலை உயராத போதும் கொழும்புக் கடைகளிலே போதாததாயிற்று. இந்நிலையில் செயலியோடு இணைந்த வரைவியலைக் கொண்டு தொடங்கி, அட்டையைப் பின்னர் சேர்ப்பதே அறிவுடைமை.

மின்வழங்கியிற் சிக்கனம் காட்டுவதோ பெருந்தவறு. நுரைச்சோலையில் 2011க்கும் 2014க்கும் இடையே, ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று அலகுகள் இயங்கத் தொடங்கின. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இம்மாவட்டக் கரையிலேயே அமைந்திருந்தும், 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த 13 மணிநேர மின்வெட்டு இங்குள்ளாரை விட்டுவைக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது அந்நிலையமும் நின்றது. மின்சாரம் திடீரென நின்று மீள்கையில் தரங்குறைந்த மின்வழங்கி பழுதுற்றால், ஏனைய பாகங்களையும் அது கெடுத்துவிடக்கூடும்.

உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டம் இது. உப்பை விளைவிக்கும் அதே கடற்காற்றும் ஈரமும் செப்பிணைப்புகளை அரிக்கும். கடல்நோக்கிய சாளரத்தருகே கணனியை வைக்காமையும், காலந்தோறும் துடைத்துப் பேணுதலும் பணச்செலவில்லாக் காப்புகளாம்.

எனவே, விலைச்சீட்டை மட்டும் நோக்கித் தெரிவுசெய்தல் போதாது. உலகச் சந்தை, நாட்டு நாணயம், ஊர்க் காற்று ஆகிய மூன்றையும் அறிந்தே தெரிதல் வேண்டும். பாகங்களைச் செய்யும் தொழில் பிறநாட்டாரிடம் இருப்பினும், அவற்றைத் தெரிந்து கூட்டவும் பழுது நீக்கவும் கற்கும் இளைஞன் வெறும் நுகர்வோனாக நின்றுவிடுவதில்லை. அக்கல்வி இக்கரையோரக் கிராமங்களிலே பரவுதல் நன்று.