மானுக்கு விளைத்த நிலம்

காட்டு விலங்குக்கு உணவு பயிரிடுதல் என்றால் நம் தோட்டத் தோழர்கள் நகைக்கவுங் கூடும். லயத்தின் பின்புறம் நட்ட மரவள்ளியை ஓரிரவில் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்தவன், "கேளாமலே தின்னும் பிராணிக்கு விதைத்தும் கொடுப்பாரோ?" என்றே வினவுவான். கொடுப்பார் உளர். அவ்வரலாறு நெகிரி செம்பிலான் தமிழர் அறியத்தக்கது.

விளைநிலம் விலங்கை ஈர்க்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. குறிஞ்சி நிலத்து முன்னோர் தினை விதைத்தனர். கிளியும் மானும் பன்றியும் கதிரை நாடின. பரண்மீதிருந்து அவற்றை ஓட்டினர். அப்புனமே வேடனுக்கு வேட்டைக்களமும் ஆயிற்று.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரம்பான், போர்ட் டிக்சன், கோல பிலா பக்கங்களில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. முதலிட்டவர் துரைமார்; உழைத்தவற்றுள் நம்மவர் கைகள் மிகப் பல. முதலில் மரங்களினடியில் ஒரு புல்லும் நில்லாதபடி களையெடுத்தனர். மழையோ மேல்மண்ணை வாரிச் சென்றது. பின்னர் மண்ணைக் காக்கப் புவரேரியா, செண்ட்ரோசீமா முதலிய கொடிகளைப் படரவிட்டனர். புவரேரியா நல்ல தீவனமுமாகும். மண்ணுக்கென இட்ட கொடி, காட்டோரத்து விலங்குக்கு எண்ணாமல் வைத்த விருந்தாயிற்று! விருந்துக்கு வந்த மான் ரப்பர்க் கன்றையும் கடித்தது. அதன் பயனாகத் துப்பாக்கிக் குண்டைப் பெற்றது.

இந்நிலையில் மானுக்காக வாதாடியவர் தியோடர் ஹப்பாக். ரப்பர்த் தோட்டக்காரராயிருந்தவர்; 1905-இல் யானை, காட்டெருமை வேட்டையைப் பற்றியே நூல் எழுதியவர். அவரே பின்னர் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவை நடத்தி, 1932-இல் மூன்று பாக அறிக்கை அளித்தார். அவர் முயற்சியின் விளைவாக, 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் காட்டை ஒதுக்க, இன்றைய தாமான் நெகாரா பிறந்தது. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர்.

அங்கே 'ஜெனூட்' எனப்படும் உப்பூறும் இடங்கள் உள. இலை தழையில் உப்புச்சத்து மிகக் குறைவு. ஆதலால் மானும் காட்டெருமையும் தபீரும் அவ்விடங்களை நாடுகின்றன. அருகில் 'பும்பூன்' எனும் பரண் அமைத்து மக்கள் அவற்றைக் காண்கின்றனர். முன்னோர் ஓட்டுவதற்குப் பரண் கட்டினர். இவர்கள் ஓசையின்றிப் பார்ப்பதற்குக் கட்டினர். காலம் மாறிற்று, கருத்தும் மாறிற்று. 2009-இல் மலேசிய அரசாங்கம் மான் வேட்டைக்குத் தடையும் விதித்தது.

எனினும் ஒன்று சிந்திக்க வேண்டும். அமெரிக்காவில் வேட்டைக்காரர் பலர் தீனிப்பயிர் விதைப்பது, மானைத் துப்பாக்கிக்கு எதிரில் நிறுத்தவே. விதை ஒன்றேயாயினும் நோக்கம் வேறு. நோக்கம் நல்லதாயினும் இடம் தவறினால் தீங்கே விளையும். காட்டோரத்தில் தீனி வைத்தால் விலங்கு லயத்துத் தோட்டத்துக்கு வரும். இழப்பவன் ஏழைத் தொழிலாளி. காட்டின் உள்ளே புல்வெளியும் உப்பும் பழமரமும் இருப்பின், விலங்கு அங்கேயே நிற்கும். ஏழையின் மரவள்ளியும் தப்பும்.

ஆகவே மானுக்கு விளைத்தல் வீண் தருமமன்று. அதன் காட்டை அழித்து நாம் ஆக்கிய தோட்டத்துக்கு ஈடாகச் செலுத்தும் கடன் அது. அக்கடனைக் காட்டை அழித்து இலாபம் கொண்டவர் செலுத்துக. கூலிக்கு உழைத்தவன் தலையில் ஏற்றற்க!